சூடான அப்பம்

தின்றுவிடுவான் போலிருக்கிறதே என்று சாத்தானின் கறுப்பு அங்கிக்குள் நின்றபடி எப்சிபா நினைத்தாள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலத்துக்கான நாடகத்தின் ஒத்திகை அது. வனாந்தரத்தில் பசித்திருக்கும் இயேசுவுக்கு அவள் அப்பத்தைக் காட்டி ஆசைமூட்ட வேண்டும். இயேசுவாக நின்ற ரெக்ஸ்லின் வேஷத்துக்காகக் காலையிலிருந்து உபவாசம். அவள் சூடான அப்பம் இருந்த தட்டை நீட்டியதும் வசனத்தை மறந்தான். அப்பத்தின் மொறுமொறு ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

பாடகர் குழு விழுந்து விழுந்து சிரித்தது.

“நல்லா இருக்குடே ஒன் மீட்பு” என்றார் நாடகத்தை நடத்திய உபதேசியார்.

“தேங்காப்பால் மணம் அய்யா, கை தானா போச்சு.”

உபதேசியார் எப்சிபாவிடம் திரும்பினார். “ஞாயித்துக்கிழம தெர்மாகோல்ல ஒண்ணு வெட்டிக் கொண்டாம்மா. இயேசு பாவமே செய்ய முடியாதவரு. இவன் கைய நீட்டுனா சபையில என்ன நெனப்பாங்க?”

தெர்மாகோலை யார்தான் வேண்டாமென்று சொல்லமாட்டார்கள் என்று எப்சிபா யோசித்தாள். இந்த லெந்தில் அவள் சர்க்கரையை விட்டிருந்தாள். தினமும் காலையில் சர்க்கரை டப்பாவைத் தாண்டிப் போகும்போது, வனாந்தரத்தில் பசித்திருந்தவருக்கும் இந்தப் பாடு தெரியும் என்பதுதான் அவளுக்குத் துணை. அவருக்கு அப்பத்தின் மணமே எட்டியிருக்காது, ஆசையே வந்திருக்காது என்றால் அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

“இல்லைங்கய்யா” என்றாள் மெதுவாக. “அன்னைக்கும் சூடாத்தான் கொண்டு வருவேன்.”

“அப்போ நான் சாப்பிட்டுட்டு வந்துரட்டாக்கா?” என்று ரெக்ஸ்லின் ஆவலாகக் கேட்டான்.

“பசியோடதான் வரணும்” என்று அவள் தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு மறுபடி சாத்தானாக நின்று, தட்டை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தினாள்.