நாலாவது பாட்டுக்கு நடுவில்

நான் பிறப்பதற்கு முன்பு வாப்பா சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தார். கடிதத்துக்குப் பதிலாக உம்மா கேசட்டில் பேசி அனுப்புவாள். அறையில் இருக்கும் ஊர்க்காரர்கள் எல்லோரும் கூடியிருந்து கேட்பார்கள். ஒரு தடவை மட்டும் ஏதோ இங்கிலீஷ் ராக் ஆல்பம் வந்தது. போட்டதும் ஒரே கிடார் அலறல். மாறி வந்துவிட்டது என்று வாப்பா அதைப் தன் பெட்டிக்குள் அடியில் போட்டுவிட்டார்.

உம்மா மௌத்தாகி, அடக்கம் முடிந்த மறு வருஷம், அந்தப் பெட்டியை ஒதுக்கும்போது அது கையில் சிக்கியது. எனக்கு ராக் என்றால் உயிர். வடசேரியில் பழைய டேப் ரிக்கார்டர் ஒன்று வாங்கி வந்து போட்டேன்.

"இந்த எரைச்சலயா கேக்கப் போற மக்கா?" என்று வாப்பா முகம் சுளித்தார்.

ஆல்பம் பிரமாதமாக இருந்தது. நாலாவது பாட்டுக்கு நடுவில் கிடார் சட்டென்று அறுந்து, உம்மா பேசினாள்.

"மத்தவங்க கேக்கப்படாதுன்னுதான் இதுக்குள்ள பேசுதேன். எப்ப வருவிய?"

உடனே டிரம்ஸ் அதிர்ந்தது.

"வந்துட்டேம்லா," என்றார் வாப்பா, கண்ணைத் துடைத்தபடி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பக் கேட்க ரிவைண்ட் செய்தேன்.

கிடார் அதே இடத்தில் அறுந்தது.

"வந்துட்டியளா? சரி, பக்கத்துல ஒருத்தி சிரிச்சாளே, அது ஆரு?"

வாப்பா டேப் ரிக்கார்டர் பக்கம் குனிந்தார்.

"ஹமீதா, அது நம்ம மவதான். பேரு ஷம்னா."

அவரே ரிவைண்ட் பொத்தானை அழுத்தினார். டேப் சுற்றி முடிவதற்குள், என்னை இன்னும் பெற்றிராத உம்மாவிடம் பேசுவதற்காக, நான் தட்டத்துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன்.