ராகு காலம் பார்த்த கம்ப்யூட்டர்

"அப்பவே சொன்னேன், கடையில ரெடிமேடா வாங்குன்னு. கேட்டியா?"

பன்னிரண்டு மணியிலிருந்து இது ஆறாவது தடவை. திருச்செல்வம் சோபாவில் படுத்துக்கொண்டே சொன்னான்.

அவன் மனைவி லோகேஸ்வரி கம்ப்யூட்டரின் பட்டனை மறுபடி அழுத்தினாள். விளக்கு எரியவில்லை. விசிறி சுற்றவில்லை.

கிள்ளான் பக்கத்து மேருவில் அவள் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலையை மூடி எட்டு மாதம். யூடியூப் பார்த்தே வீடியோ எடிட்டிங் படித்தாள். பார்ட்ஸ் ஒவ்வொன்றாக வாங்கி, சேர்த்து மாட்டி, கம்ப்யூட்டரையும் தானே பூட்டினாள்.

இன்றைக்கு மூன்று மணிக்கு டெஸ்ட். பிரிக்பீல்ட்ஸில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர்கள் ஆன்லைனில் பார்த்துக்கொண்டிருக்க, அவள் எடிட் செய்து காட்ட வேண்டும். இன்னும் இரண்டு பேரும் காட்டுகிறார்கள். வேலை ஒன்றுதான்.

நேற்றே பூட்டி முடித்தாயிற்று. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. ராகு காலம் முடியட்டும், பன்னெண்டு மணிக்கு ஆன் பண்றேன்" என்றாள்.

"கம்ப்யூட்டருக்கு ராகு காலமா? அது என்ன தாலியா கட்டப் போகுது?" என்று சிரித்துவிட்டு லோரி ஓட்டப் போனவன், காலை ஆறு மணிக்குத்தான் வீடு திரும்பினான். அவள் எழுந்திருக்கும்போது சோபாவில் குறட்டை.

இரண்டு பத்துக்கு ஜுஹைர் வந்தான். கிள்ளான் டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன்.

"மன்னிச்சுக்குங்கக்கா, தொழுகை முடிச்சு நேரா வரேன்."

"இவங்களே பூட்டினாங்க பாஸ்," திருச்செல்வம் எழுந்து உட்கார்ந்தான். "ரெண்டு ஸ்க்ரூ மிச்சம் கிடக்கு பாருங்க. என் லோரியில இப்படி மிச்சம் வெச்சா நான் டோல் தாண்ட மாட்டேன்."

"அது எக்ஸ்ட்ராவா குடுக்கிற ஸ்க்ரூங்க," என்றாள் லோகேஸ்வரி.

"அப்புறம் ஏன் ஓடல?"

அவள் ஸ்க்ரூக்களைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

ஜுஹைர் கம்ப்யூட்டர் பெட்டியை மேசையிலிருந்து தரையில் இறக்கினான். பின்பக்கத்து சுவிட்சைப் பார்த்தான். ஒயர்களை ஒவ்வொன்றாக உருவிச் செருகினான்.

"எல்லாம் கரெக்டாத்தான் இருக்கு. ஒயரெல்லாம் நீங்களா கட்டினீங்க? என் கடைப் பையன்கூட இவ்வளவு நீட்டா கட்ட மாட்டான்க்கா."

"நீட்டா இருந்து என்ன பண்றது," என்றான் திருச்செல்வம். கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு முப்பத்தைந்து. சோபாவை விட்டு இறங்கி, பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

பட்டனிலிருந்து உள்ளே வரும் ஒயரைக் கழற்றினான் ஜுஹைர். அது மாட்டியிருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டான்.

விசிறி சுற்றியது.

லோகேஸ்வரி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க வேலையில ஒரு தப்பும் இல்லக்கா. பட்டன்தான் அசைய மாட்டேங்குது."

முன்மூடியைக் கழற்றினான். பட்டனின் மேல் சுத்தமாக இருந்தது. சுற்றியிருந்த இடுக்கில் மட்டும் மஞ்சளாக ஏதோ இறங்கிக் காய்ந்து கெட்டியாகியிருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனான். நிமிர்ந்து திருச்செல்வத்தைப் பார்த்தான்.

திருச்செல்வம் தலைக்கு மேல் சுற்றிய ஃபேனைப் பார்த்தான்.

"என்ன தம்பி அது?" என்றாள் லோகேஸ்வரி.

"பசைக்கா." ஜுஹைர் டிஷ்யூவால் அவசரமாகத் துடைத்தான். "ஃபேக்டரியில ஒட்டறப்போ ஒழுகியிருக்கும் லா."

"பாத்தியா? கடையில வாங்கியிருந்தா இந்தத் தொல்லை உண்டா?" என்றான் திருச்செல்வம்.

ஏழாவது தடவை. குரலில் மட்டும் பழைய சுருதி இல்லை.

பெட்டியை மேசைமேல் ஏற்றினார்கள். இந்தத் தடவை மறுமுனையில் வைத்ததில், ஒயர் சுவரிலிருந்த பிளக்குக்கு எட்டவில்லை. அடியில் சக்கரம் வைத்த மேசை. ஜுஹைர் ஒரு மூலையைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் தள்ளினான்.

நச்.

லோகேஸ்வரி குனிந்து பார்த்தாள். பின்சக்கரத்தின் கீழே ஓர் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. மற்ற மூன்று சக்கரங்களுக்குப் பின்னாலும் ஒவ்வொன்று, முழுசாக.

"எலி உருட்டிட்டு வந்திருக்கும்," என்றான் திருச்செல்வம்.

"நாலு சக்கரத்துக்கும் ஒண்ணொண்ணாவாண்ணே?" என்றான் ஜுஹைர். "புது லோரிக்கு வைக்கிற மாதிரி?"

லோகேஸ்வரி அவன் கையிலிருந்த டிஷ்யூவைப் பார்த்தாள்.

"தம்பி, அந்தப் பசை சந்தன வாசனை அடிச்சுதா?"

"எனக்கு மூக்கடைப்புக்கா," என்ற ஜுஹைர், குனிந்து ஸ்க்ரூடிரைவர்களைப் பைக்குள் அடுக்கத் தொடங்கினான்.

மணி இரண்டு ஐம்பது. அவள் பட்டனை அழுத்தினாள். நீல விளக்கு எரிந்தது. திருச்செல்வம் யாருக்கும் தெரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டதை, இருண்டிருந்த மானிட்டரில் அவள் பார்த்துவிட்டாள்.

"ஏங்க," என்றாள் திரும்பாமலே. "இன்னும் மூணு பழம் பாக்கி இருக்கு. வந்து சக்கரத்தை நீங்களே ஏத்துங்க."