முட்டுக்காட்டு மாப்ள

"ஓடாத! ஓடினா தோல உரிச்சிடுவேன்!"

முட்டுக்காடு படகுத்துறையில் ஜெபக்குமாரின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார் எல்லப்பன். கருப்புக் கண்ணாடி, தொப்பி, கக்கத்தில் நடுவே ஓட்டை போட்ட செய்தித்தாள். உளவாளிப் படங்களாகப் பார்த்துத் தேறிய மனிதர். பக்கத்தில் அதே வேஷத்தில் தம்பி குமார்.

"எங்க தங்கச்சி பூங்கொடிய இட்டுகினு ஓட வந்தவன் நீதான?"

"இன்னாண்ணா சொல்றீங்க? எந்தத் தங்கச்சி?"

"நடிக்காத. மாப்ள போட் ஹவுஸாண்ட நிப்பாருன்னு அது போன்ல பேசிகினு இருந்தத கதவாண்ட நின்னு கேட்டேன். இப்ப உன் கூட்டாளி உன்ன மாப்ளன்னு கூப்ட்டானா இல்லியா?"

ஜெபக்குமார் அண்ணன் தம்பி இருவரையும் அளந்து பார்த்தான். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு அடி போட்டாலே எலும்பு தேறாது.

"அண்ணாத்த, இந்தப் பக்கம் யாரு யாருக்கு மாப்ள இல்ல? டேய் கார்த்தி, இன்னொரு வாட்டி கூப்டு!"

பைக்கோடு நின்றிருந்த கார்த்தி அடிவயிற்றிலிருந்து கத்தினான். "மாப்ள!"

படகு டிக்கெட் கொடுப்பவர் திரும்பினார். இளநீர்க்காரர் திரும்பினார். "இன்னாடா?" என்று தம்பி குமாரே திரும்பினான்.

எல்லப்பனின் பிடி தளர்ந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அடையாளம் காட்டுவதற்கென்றே காரில் கூட்டி வந்திருந்த தங்கையிடம் ஜெபக்குமாரை இழுத்துப் போனார். "சொல்லு, இவனா?"

பூங்கொடி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "தூ! இந்த மூஞ்சியா? எனக்கு கண்ணு இன்னா அவிஞ்சா பூட்ச்சி? ஏன்ணா என் மானத்த வாங்குற?"

எல்லப்பன் தொப்பியைக் கழற்றினார். "மன்ச்சிக்கோப்பா, பேஜாரு பண்ணிட்டோம்" என்று இளநீர் வாங்கிக் கொடுத்தார். ஜெபக்குமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரே மூச்சில் குடித்தான்.

தங்களைப் பார்த்ததுமே நிஜ மாப்பிள்ளை பயந்து ஓடிவிட்டான் என்று அண்ணன் தம்பிக்கு அப்படி ஒரு நிம்மதி. அந்தச் சந்தோஷத்தில், "மாமல்லபுரத்துல தைக்கக் குட்த்த ஜாக்கெட்ட வாங்கிகினு போலாம்ணா" என்று பூங்கொடி சத்தமாகவே கேட்டதும் மறுப்பே சொல்லாமல் காரைத் திருப்பினார்கள். டைலர் கடை வாசலில் இறக்கிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் விறைப்பாகக் காவல் நின்றார்கள்.

அதே கடையின் பின்வாசல் வழியாக ஓடிவந்து கார்த்தியின் பைக்கில் தொற்றிக்கொண்டவளிடம், முன்னால் உட்கார்ந்திருந்த ஜெபக்குமார் கேட்டான்: "தூன்னு துப்புறியே, அவ்ளோ கேவலமாவா கீறேன்?"

"உசுரோட கீறல்ல? வண்டிய எடு மாமா, ரிஜிஸ்டர் ஆபீஸ மூடிடப் போறாங்க!"