ஐயாவின் இடத்துக்கு

நீதியரசர் ஏகநாதன் ஓய்வுபெறுகிறார். அவர் எழுதிய தீர்ப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்; கொடுத்த வாய்தாக்களை யாரும் எண்ணியதில்லை. அவர் இடத்துக்கு இரண்டு இயந்திரங்கள் போட்டியிட்டன. இரண்டுக்கும் தேர்வு ஒன்றுதான்: செண்பகவல்லியின் கணவன் போட்ட ஜாமீன் மனு. விசாரணையே தொடங்காமல் வருடக்கணக்காக உள்ளே கிடக்கிறான் அவன்.

முதல் இயந்திரம் வழக்குக் கட்டைப் படித்த கையோடு, "சாட்சியமே இல்லை. இன்றே வெளியே விடுங்கள்" என்றது. பார்வையாளர் வரிசையில் இருந்த செண்பகவல்லி கையெடுத்துக் கும்பிட்டாள். தேர்வுக் குழுத் தலைவரோ, "சரியான அவசரக்குடுக்கையா இருக்கே" என்று முகத்தைச் சுளித்தார்.

இரண்டாவது இயந்திரம் கட்டைத் திறக்கவே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "கோடை விடுமுறைக்குப் பிறகு பார்ப்போம்" என்றது.

"அப்படியே நம்ம ஐயா!" என்று குழு கைதட்டியது. ஐயாவுக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

செண்பகவல்லி தன் வக்கீலைப் பிடித்துக்கொண்டாள். "முத மெஷின் விடச் சொல்லிச்சே சார்?"

"அது தோத்துப்போச்சும்மா, அது சொன்னது செல்லாது. இந்தாங்க, லட்டு எடுத்துக்குங்க."

லட்டைத் தள்ளிவிட்டு, குழுவுக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்: "வாய்தா குடுக்கறதுக்கு மெஷின் எதுக்குய்யா? அந்த நாற்காலியில ஒரு காலண்டரை மாட்டி வச்சாப் போதாதா?"