பன்னிரண்டாவது குழாய்

ஊர்க் கிணற்றில் மறுபடி போதுமான தண்ணீர் ஊறும்வரை யாரும் வயலுக்கு மோட்டார் போடக்கூடாது என்று ஊர் கூடி முடிவெடுத்து ஒன்பது நாளாகிறது. உச்சிவெயிலில் தோட்டம் தோட்டமாகப் போய் போர்க்குழாயைத் தொட்டுப் பார்ப்பது பேச்சித்தாயின் பொறுப்பு. இரும்பு சுட்டால் தண்ணீர் ஏறவில்லை. குளிர்ந்திருந்தால் திருட்டு மோட்டார் ஓடியிருக்கிறது. முந்தாநாள் சுடலைமுத்துவின் குழாய் குளிர்ந்திருந்தது. இனி அவன் வீட்டுக்கு ஊர்க் கிணற்றில் குடிதண்ணீர் கிடையாது என்று பேச்சித்தாய்தான் சொன்னாள். அன்றிலிருந்து அவன் மனைவி வேலம்மாள் காலிக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே வருகிறாள்.

இன்று பதினோரு குழாய்கள் சுட்டதில் பேச்சித்தாயின் உள்ளங்கை சிவந்துவிட்டது. பன்னிரண்டாவது அவளுடைய சொந்தத் தோட்டத்துக் குழாய். நேற்றுவரை துவண்டு கிடந்த வாழை இலைகள் விறைத்து நின்றன. மோட்டார் ரூம் வாசலில் நின்ற புருஷன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயில் கையை வைத்தாள். ஜில்லென்றிருந்தது.

“என்ன மைனி, சுடுதா?” என்றாள் வேலம்மாள்.

பேச்சித்தாய் வெடுக்கென்று கையை இழுத்து உதறினாள். “யம்மாடி, தோலே உரிஞ்சிரும் போலல்லா இருக்கு!”

வேலம்மாள் குடத்தை வரப்பில் இறக்கி வைத்தாள். “கொஞ்சம் தள்ளுங்க, மைனி.”