எமல்டாவுக்காக ஒரு மன்றாட்டு

அறுவடை இயந்திரம் கிளப்பிய தூசு வாசல் வழியே வந்து மெழுகுதிரி வெளிச்சத்தில் மிதக்கிறது. ஞாயிறு மாலை, தெருக்காரர்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம். தெருவே ஜெசிந்தா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. செபமாலை முடிந்து, அவரவர் மன்றாட்டைச் சொல்லும் நேரம். அறுப்பு முடியும்வரை மழை வராதிருக்க ஒருவர், மகனின் விசாவுக்காக ஒருவர். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." எமல்டா கன்னத்து வீக்கத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு பாயில் இருக்கிறாள். நாளைக் காலை நீடாமங்கலத்திலுள்ள அக்கா வீட்டுக்குப் போய்விடப்போவது அவளுக்கும் ஜெசிந்தாவுக்கும் மட்டுமே தெரியும். துணிப்பைகூட இந்த வீட்டு நெல் மூட்டைகளுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஜெசிந்தா கண்ணை மூடிக் கை குவிக்கிறாள். குரல் உண்மையாகவே தழுதழுக்கிறது. "நம்ம எமல்டா நாளைக்குப் புருசன விட்டுட்டுப் போறேன்னு நிக்கிறா. அவ மனசு மாறணும், சூசையண்ணனுக்கு அடங்கி குடும்பம் நடத்தணும்னு மன்றாடுவோம்." ஆண்கள் பக்கம் கணவன் சூசையின் பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிடுகிறது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்கிறது கூடம். எல்லாக் குரலுக்கும் மேலே சூசையின் குரல் கேட்கிறது. வாராவாரம் சொல்லிப் பழகிய எமல்டாவின் வாயும் அவர்களோடு சேர்ந்து சொல்லிவிடுகிறது.