எட்டு மாத வயிறு

"யேசு மரி சூசையே! வயிறு கல்லு மாதிரி இறுகுதே!"

நோயாளி போட்ட கூச்சலில் லூவா பதறிக் கட்டிலருகே குனிந்தாள். பக்கத்தில் பெனிட்டா மேடம் வேறு முறைத்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை மாசம்க்கா?"

"எட்டு! ரத்தமும் போகுது!"

"எங்கயாவது விழுந்தீங்களா?"

"டிரைசைக்கிள்ல இருந்து குப்புற!"

"சிகரெட் பழக்கம்?"

நோயாளி கொஞ்சம் தயங்கினார். "தினம் ரெண்டு பாக்கெட்."

லூவா பிரஷர் பார்த்தாள். நூற்றெண்பது. நம்பாமல் மறுபடி பார்த்தாள். அதேதான்.

"மேம், பிரசவத்துக்கு முன்னாடியே நச்சுக்கொடி பிரிஞ்சிடுச்சு. தாமதிச்சா தாய், பிள்ளை ரெண்டு பேர் உயிருக்கும் ஆபத்து. ரத்தம் ஏத்தி, உடனே ஆபரேஷன் பண்ணணும்!"

பெனிட்டா மேடம் கைதட்டினார். "தாயும் சேயும் நலம்! மூணாவது தடவையிலயாவது செய்முறைத் தேர்வுல பாஸ் பண்ணிட்டியே!"

கல்லூரிக் காவலாளி நெமெசியோ, சட்டைக்குள் இருந்த தலையணையை உருவிப் போட்டுவிட்டு, மீசையைத் தடவியபடி எழுந்து உட்கார்ந்தார். "பிள்ளைக்கு என் பேரையே வச்சிடுங்க."

மேடம் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "ஏன்யா, உனக்கு எழுதிக் கொடுத்ததுல சிகரெட்டே இல்லையே?"

"வாய் தவறி உண்மை வந்துடுச்சு மேம்."

"பிரஷரும் நூத்தம்பதுன்னுதானே சொல்லச் சொன்னேன்?"

"நான் எங்க சொன்னேன்? இந்தப் பொண்ணுதான் என் கையில பட்டையச் சுத்திப் பார்த்துச்சு."

லூவா அவர் தோளைப் பிடித்து மறுபடியும் கட்டிலில் சாய்த்தாள்.

"அசையாதீங்கண்ணே. பிள்ளையக் காப்பாத்தியாச்சு, இனி உங்களக் காப்பாத்தணும். மேம், டாக்டர நிஜமாவே கூப்பிடுங்க!"